சின்ன மெஷினும் பெரிய வயிற்றெரிச்சலும்

மேடைக்குப் புகை போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் கையில் இருக்கும் சின்ன ஃபாக் மெஷினோடு ஒரு கையேடும் வந்திருக்கும். சூடாகும்வரை பொறுங்கள், அதற்கென்று விற்கிற லிக்விட்டைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், புகை வரும் வாயில் கை வைக்காதீர்கள், ஆறிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அத்தனையும் சரி. தயவுசெய்து படித்துவிடுங்கள். அதில் எழுதாத ஒன்றைச் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒருவன் நின்றுகொண்டு உங்களைவிட நன்றாகப் புகை போடுவான். உங்கள் வயிறு எரியும். எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு சரியான முடிவு எடுப்பது எப்படி என்று எந்தக் கம்பெனியும் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. வேலையை விட்டால் அடங்கிவிடும் என்று என் மனைவி சொன்னாள். முட்டிவலி மட்டும்தான் அடங்கியது.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் அவனுக்கு ஓசியில் இன்னொரு விளம்பரம் கிடைத்துவிடும். ஆகவே மல்லேஸ்வரத்துக்காரன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் நீலசந்திராக்காரன். இரண்டும் பெங்களூரில்தான். எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்தது. நானும் மல்லேஸ்வரத்துக்காரனும் ஒரே சவுண்ட் அண்டு லைட் கடையில் ஒன்றாக வயர் சுருட்டியவர்கள். சுருட்டும்போதே அவன் வயர் அழகாகச் சுருளும். என்னுடையது சிக்கும்.

பிறகு ஆளுக்கொரு மெஷின் வாங்கித் தனியாகப் போனோம். என்னுடையது பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னது. அவனும் அப்படி ஒன்றில்தான் ஆரம்பித்தான். ஆனால் அவன் அங்கேயே நிற்கவில்லை. டிரை ஐஸ் மெஷின் வாங்கினான். அந்த ஐஸ் கட்டி வெந்நீரில் இறங்கினால் வெள்ளையாக மேகம் வழியும். நம் புகை மேலே ஏறிக் கலைந்து போகும். அவனுடைய மேகம் தரையோடு தரையாக முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் நடுவில் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, "அந்த மல்லேஸ்வரத்தார் போடற மாதிரி போடுவீங்களா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. அவன் மேல்தான் வரும்.

காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவன் போடும் ரீல்ஸைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. "அவரு மேகத்தப் பாத்துனே இருந்தா உங்க இட்லி ஆறிடும், சாப்டுங்க" என்பாள் மனைவி. லைக் எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்பேன். வைத்ததில்லை.

பொறாமையில் செய்த முட்டாள்தனம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் புகையைக் குளிரவைத்தால் அதுவும் கொஞ்ச நேரம் தரையில் படுக்கும். இது உண்மை, பலரும் செய்கிறார்கள். ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் ஐஸை நிரப்பி, புகையை அதன் வழியாகக் குழாயில் விட்டு வெளியே எடுக்க வேண்டும். மல்லேஸ்வரத்திலேயே ஒரு ரிசப்ஷன் கிடைத்தது. அவன் ஊரில் அவன் மேகத்தை நான் போட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஐஸ் வாங்கத்தான் எங்கள் தெருமுனையில் மீன்கடை இருக்கிறதே.

புகை அருமையாகப் படுத்தது. பெண் நடந்து வந்தாள். கூடவே காலைச் சந்தையும் நடந்து வந்தது. வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பம் அது. முன்வரிசையில் இருந்த அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனிது, மீனு வாசனெ!" என்று கன்னடத்தில் கத்தினார். மாப்பிள்ளை கைக்குட்டையோடுதான் மாலை மாற்றினார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி அவனுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"மச்சான், வஞ்சரமா, நெத்திலியா?"

உங்களுக்கு நான் சொல்ல வருவது நல்ல ஐஸ் வாங்குங்கள் என்பதல்ல. அதையும் வாங்குங்கள். ஆனால் அன்று நான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புகை போடவில்லை, அவனுக்குப் போட்டேன். அதன் பிறகுதான் என் மெஷினால் எது முடியும் என்று உட்கார்ந்து பார்த்தேன். சின்ன மெஷின் வெளிச்சத்தைக் கண்ணுக்குக் காட்டும். ஒரு சின்ன ஊதல், அது பரவும்வரை பொறுமை, பிறகு இன்னொரு சின்ன ஊதல். அவ்வளவு போதும், காற்றில் லைட்டின் கோடு தெரியும். பட்டனை விடாமல் அழுத்தினால் வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும். கேமராக்காரன் திட்டுவான், முன்வரிசை இருமும், தரை வழுக்கும், அலாரம் அடிக்கும். இதைப் புரிந்துகொண்டதும் எனக்கென்று சில நாடகக்காரர்கள், சில நாட்டியக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச காலம் வயிறு குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் ஸ்டெல்லா மிஸ் கூப்பிட்டார்.

பள்ளிக்கூட டீச்சர். தங்கவயலிலிருந்து வந்து பெங்களூரில் குடியேறிய குடும்பங்கள் வருஷத்துக்கொரு முறை விவேக் நகரில் ஒரு ஹாலில் கூடுவோம். அந்த வருஷம் அவர் எழுதிய நாடகம். சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தொழிலாளியைக் கயிறு கட்டி மேலே தூக்குவதுதான் உச்சக் காட்சி. அந்த ஹாலின் மேடை பழையது. நடுவில் பலகையைத் தூக்கினால் கீழே ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் பள்ளம் ஒன்று இருக்கும். முன்பு திரைச்சீலை, நாற்காலியெல்லாம் போட்டுவைத்த இடம். மிஸ் அதைப் பார்த்ததும் இதுதான் சுரங்கம் என்று முடிவு செய்துவிட்டார். தொழிலாளியாக நடிப்பது ஆரோக்கியம், ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல நடிகன். இடுப்பில் கயிற்றோடு பள்ளத்தில் ஒரு பாட்டு முடியும்வரை படுத்திருந்து, பிறகு மேலே வருவான்.

"அண்ணா, தலையில கட்டற லைட்டு இருக்குதில்ல, அந்த வெளிச்சம் தெரியற மாதிரி நீங்க லேசா போட்டா போதும்" என்றார் மிஸ். "குழி சீனுக்கு மேகம் மாதிரி வழிஞ்சி உள்ள போகணும். அதுக்கு மல்லேஸ்வரத்துல இருந்து ஒருத்தர் வர்றாரு. ரொம்ப பிரமாதமா பண்றாராம்."

எங்கள் ஜனங்களின் நாடகம். எங்கள் அப்பாக்களின் கதை. அதிலும் அவனா? சோறு இறங்கவில்லை எனக்கு.

நாடகத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை. கறுப்பு டீ ஷர்ட்டில் வந்து இறங்கினான். எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தான். மேகம் மேடையெல்லாம் பரவி, பள்ளத்தின் விளிம்பில் வழிந்து உள்ளே போனது. பால் பொங்கி வழிகிற மாதிரி இருந்தது. வயசானவர்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை வலிக்காமல்.

பாட்டு முடிந்து ஆரோக்கியம் மேலே ஏறினான். ஏறியவன் நேராக நிற்கவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"தலை கிண்ணுனு இருக்குது மிஸ். மூச்சு வாங்குது."

"மத்தியானம் சாப்டியா?"

"எங்க, சவாரி இருந்துச்சி."

பிஸ்கட் கொடுத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை. டிரை ஐஸ் உருகித் தண்ணீராவதில்லை, கரியமில வாயுவாகிறது. அது காற்றைவிடக் கனம். தாழ்வான இடம் பார்த்துத் தேங்கும், அங்கே இருக்கிற நல்ல காற்றை மேலே தள்ளிவிடும். வெள்ளையாகத் தெரிகிற மேகம் கலைந்து போன பிறகும் அது கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கும். திறந்த மண்டபத்தில், நின்று ஆடுகிறவர்களுக்கு இதனால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆள் படுத்திருக்கும் பள்ளம் வேறு. சுரங்கத்தில் கெட்ட காற்று அடியில் தங்கி ஆளைச் சாய்த்த கதை அந்த ஹாலில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதைத்தான் நாடகமாகப் போடுகிறோம். போட்டுக்கொண்டே நிஜமாகவே கெட்ட காற்றைக் குழிக்குள் ஊற்றுகிறோம்.

சொன்னேன்.

மல்லேஸ்வரத்துக்காரன் சிரித்தான். "வந்துட்டாருய்யா சயின்டிஸ்ட். குரு, இத்தனை கல்யாணத்துல போட்டிருக்கேன், யாராவது செத்தாங்களா?"

"கல்யாணத்துல யாரும் குழிக்குள்ள படுக்கறதில்ல."

"உனக்கு என் மெஷின் மேல கண்ணு. மீன் வாசனை இன்னும் போகல, அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, உங்க ரெண்டு பேரு சண்டைய இங்க கொண்டுவராதீங்க, நாளைக்கு புரோகிராம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரிதாபமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் சொன்னது சரி. ஆனால் நான் பொறாமைக்காரன் என்பதும் சரி. அந்த மெஷின் என்னுடையதாக இருந்து, அந்தக் கைதட்டல் எனக்கு வந்திருந்தால், ஆரோக்கியத்தின் தலைச்சுற்றலை நானும் பசி என்று சொல்லியிருப்பேனோ? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். ஆபத்து கண்ணில் படும், அதே சமயம் அந்த வேலை கெட்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படவும் செய்வீர்கள். அப்போது உங்கள் மனசு சுத்தமா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். அழுக்கு மனசோடும் ஆபத்தைச் சொல்லலாம். யார் சொன்னது என்று வாயு பார்ப்பதில்லை.

நான் நகரவில்லை. "ஆரோக்கியம் மறுபடி எறங்கக் கூடாது" என்று மெஷினுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நின்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து, பள்ளத்தின் வாயில் பிடித்துப் பற்றவைத்தான். எரிந்தது.

"பாரு, எரியுது. காத்து இருக்குதா இல்லியா?"

"மேல எரியுது. கீழ?"

"கீழ நானே போறேன். போதுமா? நானே படுக்கறேன். பாட்டு முழுசா ஓடட்டும். அப்புறமாவது சும்னே இரு."

தடுத்துப் பார்த்தேன். தடுக்கத் தடுக்க அவனுக்கு வீம்பு ஏறியது. நான் சொல்லி அவன் கேட்க மாட்டான் என்பது தெரிந்துபோனது. அப்போது ஒன்று தோன்றியது. என் வேலைக் காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"சரி, போ. ஆனா ஆரோக்கியம் கட்டியிருந்த கயித்தக் கட்டிக்கினு போ. பேசிக்கினே இரு. பேச்சு நின்னா இழுத்துருவேன்."

நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, எல்லோர் முன்னாலும் அவன் மேலே வர வேண்டும். அவனை இழுக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவன் கயிற்றைக் கக்கத்துக்குக் கீழே சுற்றி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு இறங்கினான். அவன் ஆள்தான் மெஷினைப் போட்டான். பாட்டு ஆரம்பித்தது. மேகம் வழிந்து இறங்கியது. அவன் மறைந்துபோனான்.

"மச்சான், இங்க ஏசி போட்ட மாதிரி இருக்குது, நீயும் வா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சிரிப்பு. "உன் டப்பா மெஷின எடைக்குப் போட்டுரு." மறுபடி சிரிப்பு. கொஞ்சம் கழித்து, "நீலசந்திராக்காரன் போட்ட பொகையில..." என்று ஆரம்பித்தான். மீதி வரவில்லை.

மற்றவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாலிபத்திலிருந்து அவனிடம் கேலி வாங்கியவன் நான். ஒரு கேலியை அவன் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

"நிறுத்து! மெஷின ஆஃப் பண்ணு!" என்று கத்திக் கயிற்றை இழுத்தேன். கனம். பதில் இழுப்பு இல்லை. ஆரோக்கியம் "ஐயோ, அண்ணே" என்று ஓடிவந்து பள்ளத்துக்குள் ஒரு காலை விட்டான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன்.

"யாரும் எறங்காதீங்க! எறங்கினா நீயும் படுத்துருவே! கயித்தப் புடி!"

கேட்பவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். விழுந்தவனைத் தூக்கக் குதிக்கிறவன்தான் அடுத்த பிணம். தங்கவயல் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, சொன்னதும் புரிந்தது. நான்கு பேர் கயிற்றைப் பிடித்தோம். மிஸ் பெடஸ்டல் ஃபேனை இழுத்துவந்து பள்ளத்தைப் பார்த்துத் திருப்பினார். யாரோ கதவையெல்லாம் திறந்தார்கள். தலை தொங்க, மூட்டை மாதிரி மேலே வந்தான். உதடு நீலம். வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். நெஞ்சு ஏறி இறங்கியது. "டேய், திட்டுடா, ஏதாவது திட்டுடா" என்று நான் அவன் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்ததாக ஆரோக்கியம் பிறகு சொன்னான். எனக்கு ஞாபகமில்லை. இருமினான். கண் திறந்தான். ஆரோக்கியத்தின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்துப் பார்த்துவிட்டு, கயிறு கட்டியிருக்காவிட்டால் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வேலையே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் நாடகம் நடந்தது. என் சின்ன மெஷினை வைத்துத்தான். பள்ளத்துக்குள் ஆளையே இறக்கவில்லை. உள்ளே ஒரு லைட்டை மட்டும் மேல்நோக்கி வைத்தோம். பக்கத்திலிருந்து குட்டிக் குட்டி ஊதல்கள் கொடுத்தேன்; பள்ளத்திலிருந்து வெளிச்சம் தூண் மாதிரி எழுந்தது. ஆரோக்கியம் பள்ளத்துக்குப் பின்னால் பலகை மறைவில் மேடைமீதே படுத்திருந்து, தூணுக்கு நடுவில் தெரிகிற மாதிரி கயிற்றைப் பிடித்து எழுந்தான். குழிக்குள்ளிருந்து வந்தான் என்றே அத்தனை பேரும் நம்பினார்கள். புகை போடுவோம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் பின்னால் கதவோரம் உட்காருங்கள் என்று மிஸ் ஆரம்பத்திலேயே மைக்கில் சொல்லிவிட்டார். ஹால் வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆரோக்கியம் நடக்கிற இடத்தைக் காட்சிக்கு முன்னால் நானே துணி போட்டுத் துடைத்தேன். வெளியே போகும் வழி எந்த நேரத்திலும் மறையவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட சிறந்த புகை அதுதான்.

முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. நான் ரிமோட்டோடு திரை ஓரத்தில் நின்றிருந்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து மேடை ஏறினான். மல்லேஸ்வரத்துக்காரன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது. மைக்கை வாங்கினான்.

"இன்னைக்கு நீங்க பாத்த பொகை என்னோடது இல்ல. அதோ ஓரமா நிக்கறானே, அவன் போட்டது. நேத்து அவன் சொன்னத நான் கேக்கல. அவன் கயித்தக் கட்டச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இங்க அழுதுனு இருப்பீங்க."

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு? அவனுக்கு. என்ன மனசு, என்ன பெருந்தன்மை, தப்பை ஒத்துக்கொள்ளும் தைரியம் யாருக்கு வரும் என்று வயசானவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் முதுகிலும் இரண்டு பேர் தட்டினார்கள். நான் அந்த ஹாலில் என்னென்னவோ செய்து பார்த்தேன். நல்லவனாக இருப்பதிலும் அவன் என்னை முந்திவிட்டான்.

அதோடு விட்டானா? டிரை ஐஸை மூடிய இடங்களில் போடுவதில்லை என்று நிறுத்திக்கொண்டு, என்னுடையது மாதிரியே ஒரு சின்ன மெஷின் வாங்கினான். எப்படிப் போடுவது என்று என்னிடமே வந்து கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் ஏதாவது விபரீதம் ஆகுமே என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மழைக்காலம் போவதற்குள் என்னைவிட அழகாகப் போட்டான்.

போன வாரம் ஸ்டெல்லா மிஸ் போன் செய்தார். இந்த வருஷமும் நாடகமாம்.

"நீங்கதான் இப்ப வர்றதில்லியே அண்ணா. யாரக் கூப்பிடலாம், நீங்களே சொல்லுங்க."

நாக்கு நுனியில் வேறு இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. குறை சொல்ல முடியாத ஆட்கள். ஆனால் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் மேடையைச் சுற்றி வந்து, "இங்க கீழ யாராவது படுக்கறாங்களா?" என்று கேட்கிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் பெயரைச் சொன்னேன்.

"நானும் அவரத்தான் அண்ணா நெனச்சேன். உங்களுக்குக் கோவம் வருமோன்னுதான் கேட்டேன்" என்றார் மிஸ்.

வந்தது.